‘எட்டு வயதுக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க’ என்று யாராவது கேட்டால்…

வீட்டில் நாலு புத்தகம் இருப்பது தெரிந்தாலே போதும், யாராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள். நாமும் யோசிக்காமல் சின்ன வயதில் நமக்குப் பிடித்ததைச் சொல்லி அனுப்பிவிடுவோம். அது தப்பில்லை, ஆனால் எல்லோரும் அதையே செய்தால் இந்த வருஷம் வந்த நல்ல புத்தகங்களை யார்தான் எடுத்துக் கொடுப்பது? நான் செய்கிற முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பிள்ளையை விசாரியுங்கள்

வயது ஒரு தொடக்கம்தான். ஒரே வயதில் ஒரு பிள்ளை தடித்த நாவலை இரண்டு நாளில் முடிக்கும், இன்னொன்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூன்று விஷயம் கேளுங்கள்: தானாக எடுத்துக் கடைசிவரை படித்தது எது, பாதியில் போட்டது எது, சும்மா இருக்கும்போது எதைப் பற்றி ஓயாமல் பேசும். எனக்கு மூன்றாவது பதில்தான் ரொம்ப உதவும். எறும்பைப் பற்றியே பேசுகிற பிள்ளைக்குப் பரிசு வாங்கிய நாவலைவிட எறும்பைப் பற்றிய சுமாரான புத்தகம் மேல்.

படிக்கத் தடுமாறும் பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஐந்து வயதுக்காரர்களின் புத்தகத்தை நீட்டாதீர்கள், அவமானமாக இருக்கும். விஷயம் அந்த வயதுக்குரியதாகவும் வரிகள் குறைவாகவும் இருக்க வேண்டும். காமிக்ஸ் இதற்கு நன்றாக உதவும்.

2. உண்மையிலேயே புதிதா என்று பாருங்கள்

அட்டை பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டு இருக்கும். பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை வைத்தும் முடிவு கட்ட முடியாது, பழைய கதையே கெட்டி அட்டைக்கும் மின்நூலுக்கும் தனித்தனி எண் வாங்கியிருக்கும். மொழிபெயர்ப்பாக இருந்தால் மூலம் எப்போது வந்தது என்பதையும் பாருங்கள்.

3. ஒரு இருபது புத்தகம் சேர்த்து வையுங்கள்

பதிப்பகப் பட்டியல்கள், நூலகர்கள், விருதுகள், இந்த மூன்று வழியில் தேடலாம். விருது விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்காவில் 1922 முதல் கொடுக்கப்படும் நியூபெரி ஒரு குறிப்பிட்ட புத்தகத்துக்கான விருது, 1938-இல் தொடங்கிய கால்டெகாட் படப்புத்தகத்தின் ஓவியங்களுக்கானது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதோ ஒருவரின் மொத்தப் பணிக்கானது, அதை வைத்துப் புதுப் புத்தகம் தேட முடியாது. விருது வென்ற புத்தகத்தோடு நிறுத்தாமல், இறுதிச் சுற்று வரை வந்த புத்தகங்களின் குறும்பட்டியலையும் நான் பார்ப்பேன், பல நேரம் பிள்ளைகளுக்குப் பிடிப்பது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. முழுசாகப் படியுங்கள்

இதில் குறுக்குவழியே கிடையாது. பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நாய்க்கதையைப் பரிந்துரைத்தேன் ஒருமுறை. கடைசி அத்தியாயத்தில் நாய் செத்துப்போகிறது. அந்த வீட்டில் முந்தின வாரம்தான் அவர்கள் வளர்த்த நாய் இறந்திருந்தது. அதற்கப்புறம் கடைசிப் பக்கம் பார்க்காத எதையும் நான் சொல்வதில்லை.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும், அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு அப்படி. பக்கம் குறைவு என்பதால் ஒவ்வொரு திருப்பலும் முக்கியம். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு முதலில் படத்தை மட்டும் பாருங்கள், பிறகு எழுத்தைப் படியுங்கள். படத்தில் தெரிவதையே எழுத்து திரும்பச் சொன்னால் ஒதுக்கிவிடலாம். பூனை பீரோவுக்குப் பின்னால் நிற்பது படத்தில் தெரிகிறது, எழுத்தோ ‘பூனையைக் காணவில்லை’ என்கிறது, அப்படி இருந்தால் பிள்ளை கத்திக்கொண்டே பக்கத்தைத் திருப்பும்.

நாவல் என்றால் முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வாக்கியம் சரியில்லை. மொழிபெயர்ப்பில் இது இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் சிக்கலை யார் அவிழ்க்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் ஒரு பெரியவர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைத்து நாலு வரி அறிவுரையும் சொன்னால், எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். அறிவியல் புத்தகத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைத் தேடி எடுத்துச் சரிபாருங்கள், அதிலேயே தவறு இருந்தால் மிச்சத்தை எப்படி நம்புவது?

5. பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்

‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து ‘ம்’ என்று சொல்லிவிடும். கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தூரத்திலிருந்து கவனித்தால் போதும். எங்கே சிரிக்கிறது, எங்கே பக்கங்களைத் தாண்டுகிறது, மறுநாள் தானாக எடுக்கிறதா.

ஐந்து விரல் சோதனையும் உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் தனியாகப் படிக்கக் கஷ்டம். ஆனால் நீங்கள் படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

6. பரிந்துரையை எழுதுங்கள்

நாலைந்து வரி போதும். ‘அருமையான கதை, அனைவரும் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படி எழுதலாம்: ‘புது ஊருக்குக் குடிபோய் நண்பர்கள் இல்லாமல் தவிக்கிற ஒரு பெண், மொட்டைமாடியில் யாரோ விட்டுப்போன தொலைநோக்கியைக் கண்டெடுக்கிறாள். அத்தியாயங்கள் சின்னவை, ஒன்பது வயதில் தனியாகப் படிக்கலாம், ஏழு வயதுக்குப் படித்துக் காட்டலாம். நடுவில் தாத்தாவின் மரணம் வருகிறது.’ கதை, யாருக்கு, கவனிக்க வேண்டியது, மூன்றும் வந்துவிட்டன பாருங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, யாருக்கு எதைச் சொன்னோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ‘பிடிக்கலை’ என்று பதில் வந்தால் கோபப்படாமல், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த புத்தகத்தைத் தேட அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.