நடக்கத் தெரிந்தால் போதும்: இங்கிலிஷ் கன்ட்ரி டான்ஸில் முதல் மாலை

முதல் நாள் போகும்போது என் கவலையெல்லாம் காலைப் பற்றித்தான். வீண் கவலை. ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஆடும் இந்தப் பழைய இங்கிலாந்து ஆட்டத்தில் கால் செய்வது பெரும்பாலும் கொஞ்சம் துள்ளலான நடைதான். ‘இப்போ நான் எங்கே நிற்கணும்?’ என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

1651-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட இந்த ஆட்டங்களின் தொகுப்பில் 105 ஆட்டங்கள். அவற்றில் பலவற்றுக்கு ஆள் கணக்கே கிடையாது, எத்தனை பேர் வந்தாலும் ஆடலாம். எங்கள் ஊர் ஹாலுக்குப் பத்துப் பேர் வந்தாலே கூட்டம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். வழுக்கவும் வழுக்காத, தரையைப் பிடிக்கவும் பிடிக்காத தட்டைச் செருப்பு போதும்.

நிற்பது. ஜோடியில் இருவரும் எதிரெதிரே நில்லுங்கள். அப்படியே எல்லோரும் சேர்ந்து இரண்டு நீள வரிசை. இதுதான் லாங்வேஸ். இசை வரும் பக்கம் ‘மேல்’. மேலிருந்து இரண்டிரண்டு ஜோடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது முதல் ஜோடி, அடுத்தது இரண்டாம் ஜோடி. உங்கள் எண்ணை மறக்காதீர்கள், அவ்வளவுதான் மனப்பாடம்.

ஆடுவது. என்ன செய்ய வேண்டும் என்பதை ‘காலர்’ சொல்லிக்கொண்டே இருப்பார். பழக இந்த வரிசை எளிது. ஒவ்வொரு அசைவுக்கும் இசையில் எட்டு எண்ணிக்கை.

1. நால்வரும் கைகோத்து இடப்பக்கமாக ஒரு வட்டம், பிறகு வலப்பக்கமாக.
2. நடுவில் வலக்கைகளைச் சேர்த்து ஒரு சுற்று, கை மாற்றி எதிர்த்திசையில் இன்னொன்று.
3. ஜோடிக்காரரை நோக்கி நடந்து, வலத்தோள் பக்கமாகக் கடந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, பின்னோக்கியே உங்கள் இடத்துக்கு. உடம்பு திரும்பக் கூடாது. பிறகு இரண்டு கையும் பிடித்து ஒரு சுற்று. தலை சுற்றினால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.
4. முதல் ஜோடி வெளிப்பக்கமாகத் திரும்பி, வரிசைக்குப் பின்னால் ஓர் இடம் கீழே இறங்கட்டும். அந்த நேரத்தில் இரண்டாம் ஜோடி நடுவழியாக மேலே ஏறிவிடும். நால்வரும் கைகோத்து இடப்பக்கமாக ஒரு வட்டம்.

மெட்டு ஒரு முறை முடிந்திருக்கும்; உங்களுக்குப் புது எதிர்ஜோடி கிடைத்திருக்கும். இனி திரும்ப முதலிலிருந்து.

இடம் மாறுவது. இங்கேதான் சிக்கல். வீட்டு மேசையில் நான்கு நாணயங்களை நெட்டு வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. முதல் சுற்று முடிந்ததும் ஒன்றும் இரண்டும் இடம் மாறும், மூன்றும் நான்கும் இடம் மாறும். இப்போது மேலிருந்து 2, 1, 4, 3. அடுத்த சுற்றில் நடுவிலுள்ள 1, 4 மட்டும் ஆடும். இரண்டு முனையிலும் இருப்பவர்கள் சும்மா நிற்க வேண்டும். அதன்பின் மேல்முனை ஜோடி ‘முதல்’ ஆகவும், கீழ்முனை ஜோடி ‘இரண்டாம்’ ஆகவும் எண் மாறி உள்ளே வரும். நான்கு ஜோடி மட்டும் இருந்தால் ஒன்று விட்டு ஒரு சுற்று பாதிப்பேர் நிற்க வேண்டியதுதான். ஐந்து ஜோடி இருந்தால் எப்போதும் ஒரு ஜோடிதான் நிற்கும். அதனால்தான் ஒரு ஜோடி அதிகம் வந்தால் எங்களுக்கு அத்தனை சந்தோஷம்.

நிற்கிற அந்த ஒரு சுற்றில் தண்ணீர் குடிக்கப் போய்விடாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்தபோது என் ஜோடிக்காரரும் எதிர்ஜோடியும் வட்டத்துக்குக் கையை நீட்டியபடி நின்றிருந்தார்கள், இசை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.