போன் பழசாகி ஆப் நின்றுபோனால்: ஸ்மார்ட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கான ஆப்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை பழைய ஆண்ட்ராய்டையும் பழைய ஐபோனையும் கழற்றிவிடுவது வழக்கம். ‘இந்தச் சாதனத்தில் ஆப் இனி இயங்காது’ என்ற வரியைப் பார்த்ததும் பலர் ஸ்பீக்கரே போய்விட்டது என்று நினைத்து அதன் மேல் கைவைக்கிறார்கள். அது தேவையில்லை. அமேசானின் எக்கோ, கூகுள் நெஸ்ட் போன்ற ஸ்பீக்கர்கள் போன் வழியாகப் பேசுவதில்லை; வீட்டு வைஃபை மூலம் நேராக நிறுவனத்தின் சர்வரோடு பேசுகின்றன. உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் அலாரம் வைக்கச் சொன்னால் வைக்கும், பாட்டுப் போடச் சொன்னால் போடும். ஆப் கட்டாயம் வேண்டியது முதல் தடவை இணைக்கும்போது, வைஃபை மாறும்போது, கணக்கை மாற்றும்போது. மற்ற நாட்களில் அது இல்லாமலே ஓட்டிவிடலாம்.

அதனால்தான் இந்தச் சமயத்தில் செய்யும் தவறுகளிலேயே மோசமானது ஃபேக்டரி ரீசெட். எதற்கும் ஒரு தடவை ரீசெட் செய்து பார்ப்போம் என்று பட்டனை அழுத்திவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் வைஃபையையும் கணக்கையும் மறந்துவிடும். மறுபடி அமைக்க அதே ஆப் வேண்டும், அதுதான் உங்கள் போனில் ஓடாதே! 2025 மார்ச்சில் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. டிவியில் செருகி போனிலிருந்து படம் பார்க்க உதவும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும், ஸ்பீக்கரில் செருகிப் பாட்டுக் கேட்க உதவும் குரோம்காஸ்ட் ஆடியோவும் திடீரென வேலை செய்யாமல் போயின. அவற்றுக்குள் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். யாரும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் சொன்னது. பேசாமல் காத்திருந்தவர்களுக்குச் சில நாட்களில் அப்டேட் தானாக வந்து சரியானது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களால் சாதனத்தைத் திரும்ப இணைக்க முடியவில்லை. கூகுள் ஹோம் ஆப்புக்குத் தனித் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது ரவுட்டர். நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் போனிலிருந்து எக்கோவை இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அப்பாவின் போன் ஏழெட்டு வருடம் பழசு. ஒருநாள் இணைய கம்பெனியை மாற்றுவார்கள். பொருத்த வந்த டெக்னீஷியன் புது ரவுட்டரில் ஏதோ ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று மாலையே ஸ்பீக்கர் ஊமை. அப்பாவின் போனில் ஆப் ஏறாது, மகன் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எதுவும் மாறக்கூடாது. பாதுகாப்பு வகையும் முன்பு இருந்ததே இருக்கட்டும்; பழையது டபிள்யூபிஏ2 என்றால் புதியதும் அதுவே. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அணைக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது, தானாக ஒட்டிக்கொள்ளும். ஸ்மார்ட் பல்பும் ஸ்மார்ட் பிளக்கும் இருந்தால் அவையும் அப்படியே.

சரி, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கெனவே மாறிவிட்டன, இப்போது என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புதிய போனைக் கொஞ்ச நேரம் வாங்கலாம். ஆனால் அந்தப் போனில் இருக்கும் அவருடைய கணக்கிலேயே ஸ்பீக்கரை இணைத்துவிடக்கூடாது. அப்புறம் ஸ்பீக்கர் அவருடையதாகிவிடும். உங்கள் ரொட்டீன்கள் (ஒரே கட்டளையில் பல வேலைகள் நடக்க நீங்கள் வைத்த அமைப்புகள்), பாட்டுச் சந்தா, தொடர்பு எண்கள் எதுவும் அதில் வராது, நீங்கள் பேசியவற்றின் பதிவும் அவர் கணக்கில் போய்ச் சேரும். ஆப்பில் உங்கள் கணக்கைக் கொண்டே நுழைந்து, வைஃபையை மாற்றி, வேலை முடிந்ததும் வெளியேறிவிடுங்கள். ஓடிபி வரும் என்பதால் உங்கள் பழைய போனும் கையில் இருக்கட்டும். எக்கோவில் இது ஐந்து நிமிட வேலை. கூகுள் ஸ்பீக்கர் கொஞ்சம் படுத்தும்: வைஃபையை மட்டும் மாற்ற அதில் வழி இல்லை, பழைய நெட்வொர்க்கை மறக்கச் செய்துவிட்டு முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

பழைய போனில் இருக்கும் ஆப்பை ‘நீக்கிவிட்டுத் திரும்பப் போடலாம்’ என்று நினைப்பதும் ஆபத்து. புதிய பதிப்பு உங்கள் போனுக்கு வராது என்பதாலேயே உள்ளே இருக்கும் பழைய பதிப்பு உடனே செத்துவிடாது. சர்வர் அதை ஏற்கும்வரை ஓடும். நீக்கிவிட்டால் பிளே ஸ்டோர் அதைத் திரும்பத் தரும் என்று நம்ப முடியாது. ஐபோனில் நிலைமை சற்றுத் தேவலை: அதே ஆப்பிள் கணக்கில் முன்பு இறக்கியிருந்தால், உங்கள் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரட்டுமா என்று ஆப் ஸ்டோர் கேட்கும், தயாரித்த நிறுவனம் அதை விட்டுவைத்திருந்தால்.

புதிய போன் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை. 2024 மே மாதம் சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் தன் ஆப்பை முழுக்க மாற்றி எழுதி வெளியிட்டது. ஸ்லீப் டைமர் உட்படப் பல வசதிகள் காணாமல் போயின; பழைய ஆப்புக்குத் திரும்ப வழியும் இல்லை. தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியை விட்டும் போனார். ஆட்டோ அப்டேட் போட்டிருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது காரியம் முடிந்திருந்தது. ஸ்பீக்கர் ஆப்புக்கு மட்டும் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவைத்து, பெரிய மாற்றம் வரும்போது நான்கு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுவதில் தப்பில்லை.

பிளே ஸ்டோரை விட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் கோப்பு) இறக்கிப் போடும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10 கேட்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு 7-இல் எப்படிக் கொண்டுவந்தாலும் ஏறாது. ஏறுகிறது என்றால் அது பழைய பதிப்பு, இல்லையென்றால் யாரோ உள்ளே கைவைத்த பதிப்பு. மைக், இருப்பிடம், வீட்டு வைஃபை எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் ஆப் அது. தெரியாதவரிடம் வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்ற கோபத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் மீதிக் காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆப் எந்த சர்வரை நம்பலாம் என்பதற்கான சான்றிதழ் பட்டியல் ஆண்ட்ராய்டோடு வருகிறது. போனுக்கு அப்டேட் நின்றால் அந்தப் பட்டியலும் பழசாகிவிடும். ஆண்ட்ராய்டில் பல ஆப்கள் சார்ந்திருக்கும் கூகுள் பிளே சர்வீசஸ், 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-ஐ 2023-இல் கைவிட்டது. அடித்தளமே போனபின் ஆப் எழுதுகிறவர் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

கோபம் முழுக்க நியாயமாக இருந்த இடம் வேறு. பழையதைக் கொடுத்தால் புதியதில் 30 சதவீதம் தள்ளுபடி என்று சோனோஸ் ஒரு திட்டம் வைத்திருந்தது. அதற்குப் பழைய ஸ்பீக்கரை ‘ரீசைக்கிள் மோட்’ என்பதில் போட வேண்டும். 21 நாள் கழித்து அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். நன்றாகப் பாடும் பெட்டியை உரிமையாளர் கையாலேயே கொல்ல வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2020-இல் அதை நீக்கினார்கள். இப்படிச் சலுகை வந்தால் நிபந்தனையைப் படிக்காமல் சம்மதிக்காதீர்கள். ஆப் போனாலும் வயர் செருகும் ஆக்ஸ் துளையோ புளூடூத்தோ இருந்தால் அது சாதாரண ஸ்பீக்கராக வருடக்கணக்கில் உழைக்கும். எக்கோவிடம் ‘அலெக்ஸா, பேர் (pair)’ என்றாலே புளூடூத் திறந்துவிடும், ஆப் வேண்டாம்.

ரிமோட் மாதிரி வைத்துக்கொள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாம் என்று தோன்றினால், கேமராவையும் ரேமையும் பார்த்து ஏமாறாதீர்கள். கடையிலேயே செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு பதிப்பையும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியையும் பாருங்கள். ஐபோனில் மாடலை வைத்தே சொல்லிவிடலாம்: ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது, ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஓடு, ஐபோன் 8 ஐஓஎஸ் 16-ஓடு. பிறகு அந்த ஆப்பின் ஸ்டோர் பக்கத்தில் குறைந்தபட்சம் எது வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று பதிப்பாவது இடைவெளி இல்லையென்றால் அந்தப் போனுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.