குழு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு: உடலுக்குள் நடப்பதை வைத்து வகுப்பைத் திட்டமிடுவது எப்படி?

குழு வகுப்பு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஸ்டெப்புகளை. எந்தப் பாட்டு, எந்த வரிசை, மைக்கில் எப்படிப் பேசுவது, இதெல்லாம் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உடலியங்கியல் என்பது சான்றிதழ்த் தேர்வுக்கு முந்தின நாள் உருப்போட வேண்டிய பாடமாக ஒதுங்கிவிடுகிறது. எத்தனை விநாடி வேலை, எத்தனை விநாடி ஓய்வு, எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்பதையெல்லாம் அந்தப் பாடம்தான் முடிவு செய்கிறது. தனிப் பயிற்சியாளருக்கு எதிரே நிற்பது ஒரே உடல். கேட்டுக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் எதிரே இருபது பேர் நிற்பார்கள். இருபது பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு 45 நிமிட வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: ஆற்றலை விநாடிக் கணக்கில் புரிந்துகொள்ளுங்கள்

தசை சுருங்குவதற்கு நேரடியாகப் பயன்படுவது ஏடிபி என்ற மூலக்கூறு மட்டுமே. முழு வேகத்தில் வேலை செய்தால், தசையில் தயாராக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அதனால் உடல் அதை விடாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். ஆக்சிஜன் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், உடனே கிடைக்கும். ஆனால் முழு மூச்சாகச் செய்யும் வேலைக்குச் சுமார் 10 விநாடிதான் தாங்கும். தீர்ந்த பிறகு அரை நிமிட ஓய்வில் ஏறக்குறைய பாதி திரும்பும்; கிட்டத்தட்ட முழுதாகத் திரும்ப 3 நிமிடமாவது ஆகும்.

இரண்டாவது, குளுக்கோஸையும், தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனையும் ஆக்சிஜன் இல்லாமலே வேகமாக உடைப்பது. கடுமையான வேலை அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை நீடித்தால் பெரும் பங்கு இதிலிருந்து வரும். லாக்டேட் (பேச்சுவழக்கில் லாக்டிக் ஆசிட்) உண்டாவது இங்கேதான். கூடவே தசையில் அமிலத்தன்மையும் ஏறும். தொடை ‘எரியுது’ என்று கத்துவார்களே, அந்தக் கட்டம் இது.

மூன்றாவது, ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிப்பது. நிதானமானது, நீண்ட நேரம் ஓடும். ஆனால் தொடக்கத்தில் மந்தம். மிதமான வேகத்தில்கூட உடல் கேட்கும் அளவுக்கு ஆக்சிஜன் வந்துசேர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். வகுப்பின் முதல் நிமிடத்திலேயே சிலருக்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் உடல் தகுதி இல்லாதது மட்டுமல்ல, இந்தத் தாமதமும்தான்.

புதியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று அணைந்தால் இன்னொன்று எரியும் என்று இது நடப்பதில்லை. மூன்றும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பங்குதான் மாறுகிறது.

சரி, இதை எப்படிப் பயன்படுத்துவது? பாட்டின் கணக்கில் போட்டுப் பாருங்கள். குழு வகுப்புக்கான இசை பெரும்பாலும் 32 எண்ணிக்கை கொண்ட கட்டங்களாக இருக்கும். நிமிடத்துக்கு 128 தட்டு வேகமுள்ள பாட்டில் ஒரு கட்டம் சரியாக 15 விநாடி. ஒரு கட்டம் முழுக்க உயரத் தாவச் சொன்னால், பெரும்பகுதி கிரியேட்டின் பாஸ்பேட்டில் முடிந்துவிடும். இரண்டிலிருந்து நான்கு கட்டம் தொடர்ந்தால் எரிச்சல் கட்டத்துக்குள் போய்விடுவார்கள். தாவும் உயரம் கடைசிவரை குறையக் கூடாது என்றால் ஒரு கட்டம் வேலை, குறைந்தது மூன்று கட்டம் லேசான நடை என்று வையுங்கள். தாங்கும் திறனை வளர்க்க வேண்டுமென்றால் மூன்று கட்டம் வேலை, மூன்று கட்டம் ஓய்வு. 40 விநாடி வேலைக்கு 10 விநாடி ஓய்வு கொடுத்துவிட்டு ‘இன்னும் உயரமாகத் தாவுங்கள்’ என்று கூவுவதில் பயன் இல்லை. அந்த உயரத்துக்கு வேண்டிய எரிபொருள் அப்போது தசையில் இருக்காது.

படி 2: இதயம் என்ன செய்கிறது என்று பாருங்கள்

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தம், துடிப்பின் எண்ணிக்கையை ஒரு துடிப்பில் வெளியேறும் அளவால் பெருக்கினால் கிடைக்கும். சும்மா இருக்கும்போது சுமார் 5 லிட்டர். கடும் பயிற்சியில் சாதாரண ஆரோக்கியமானவருக்கே 20 லிட்டர் வரை போகும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடும் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். வயிறு, குடல் பக்கம் போகிற ரத்தம் குறைந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர் பாதி வகுப்பில் முகம் சுளிப்பது இதனால்தான்.

தொடர்ந்து பயிற்சி செய்கிறவரின் இதயம் ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தம் தள்ளும். அதனால் ஓய்வுத் துடிப்பு இறங்கும், அதே வேலைக்கு ஆகும் துடிப்பும் குறையும். ஆக, முன்வரிசையில் பழகினவர் 120 துடிப்பில் செய்யும் ஸ்டெப்பைப் பின்வரிசையில் புதியவர் 160 துடிப்பில் செய்துகொண்டிருக்கலாம்.

இன்னொரு சிறு விஷயம். கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்தால் இதயத் துடிப்பு நன்றாக ஏறும். ஆனால் அந்த அளவுக்கு ஆக்சிஜன் செலவு ஏறாது. துடிப்பு எண் மட்டும் பெரிதாகத் தெரியும். புதியவர் திணறினால் கால் வேலையை மாற்றுவதற்கு முன்பு ‘கையைக் கீழே இறக்கிக்கோங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

படி 3: கடுமையை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு. 2001-இல் வெளியான இன்னொரு சூத்திரம்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது. 60 வயதுக்காரருக்கு முதலாவது 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. இரண்டுமே சராசரிதான், ஒருவரின் உண்மையான எண் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சர்வ சாதாரணம்.

கொஞ்சம் துல்லியம் வேண்டுமானால் ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் கார்வோனென் முறை இருக்கிறது. 30 வயது, ஓய்வுத் துடிப்பு 70 என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 190. இரண்டுக்கும் இடைவெளி 120. அதில் 40 சதவீதம் 48. அதை 70-உடன் கூட்டினால் 118. 60 சதவீதத்துக்கு 142. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தால் மிதமான பயிற்சி, 142-க்கு மேலே போனால் கடுமையானது.

ஆனால் வகுப்பு நடுவே யாரும் கால்குலேட்டரைத் தேடப் போவதில்லை. ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவரிடம் இந்த எண்களைச் சொல்லி ‘இன்னும் முடுக்குங்க’ என்பது ஆபத்து. அதனால் எனக்குப் பிடித்தது பேச்சுச் சோதனைதான். முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான நிலை. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமையான நிலை. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதில் என்ன என்பதைவிட அது எத்தனை சொல்லில் வருகிறது என்று கவனியுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் புரிந்துகொள்ளலாம்.

இதோடு 0 முதல் 10 வரை தாங்களே மதிப்பெண் சொல்லும் முறையையும் பழக்குங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல்களிலிருந்து வந்தது இது. அவருடைய பழைய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும்; எண்ணைப் பத்தால் பெருக்கினால் தோராயமான இதயத் துடிப்பு வரட்டும் என்றுதான் அப்படி வைத்தார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உங்கள் உடம்பை அளவுகோலாக வைக்காதீர்கள். உங்களுக்கு அந்த வரிசை நூறு முறை செய்த பழக்கம்.

படி 4: வார்ம்-அப்பைச் சுருக்காதீர்கள்

5 முதல் 10 நிமிடம். தசையின் வெப்பம் ஏறினால் நரம்புச் செய்தி வேகமாகப் போகும், ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தசைக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், மூட்டுகள் இலகுவாக அசையும். முதல் படியில் சொன்ன அந்த ஆக்சிஜன் தாமதமும் இங்கேயே கழிந்துவிடும்.

பிறகு வரப்போகும் அசைவுகளையே சிறிய வீச்சில், மெதுவாகச் செய்ய வையுங்கள். ஸ்குவாட் வரப்போகிறதா? வார்ம்-அப்பில் அரை ஸ்குவாட். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் இந்த இடத்தில் வேண்டாம். உடனே அடுத்து வரும் வேலையில் தசையின் விசை கொஞ்சம் குறையும். அதை வகுப்பின் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 5: முக்கியப் பகுதியில் தசையை இறங்கும்போதும் கவனியுங்கள்

ஸ்குவாட்டில் எழும்போது தொடைத் தசை சுருங்கிக் குறுகுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. கீழே அப்படியே நின்றால் நீளம் மாறாமல் வேலை செய்கிறது. ஒரே அசைவில் மூன்று விதமான வேலை. ‘மூணு எண்ணிக்கை இறங்கு, ஒண்ணுல எழு’ என்று சொன்னால் ஒரே பாட்டில், ஒரு எடையும் இல்லாமல் பயிற்சியைக் கடுமையாக்கிவிடலாம். ஆனால் மறுநாள் வலியைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அந்த இறங்கும் பகுதிதான். புதியவர்கள் நிறைய இருக்கும் வகுப்பில் இதைக் கொஞ்சமாகப் பரிமாறுங்கள்.

லேசான வேலையில் முதலில், தசையில் மெதுவாகச் சுருங்கிக் களைப்பைத் தாங்கும் மெதுநார்கள் வேலைக்கு வரும். சுமையோ வேகமோ கூடினால்தான் வேகமாகச் சுருங்கும் விரைநார்கள் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரே லேசான அசைவை வகுப்பு முழுக்கச் செய்ய வைத்து வலிமை வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேகம் கூட்டும்போது வீச்சு குறைவதைக் கவனியுங்கள். பாட்டு வேகமாக இருந்தால், கைகால் நீளமானவர்கள் பாதி தூரம் போய்த் திரும்பிவிடுவார்கள். அப்போது அவர்களுக்கு இரண்டு தட்டுக்கு ஒரு அசைவு என்று மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம் மூச்சு. ப்ளாங்க்கிலும் கடைசி இரண்டு புஷ்-அப்பிலும் ஆட்கள் மூச்சை இறுக்கிப் பிடிப்பார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி ரத்த அழுத்தமும் கிடுகிடுவென்று உயரும். நீங்கள் சத்தமாக எண்ணி அவர்களையும் கூட எண்ண வையுங்கள். பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது.

படி 6: சட்டென்று நிறுத்தாதீர்கள்

கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சிரைகளை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கடும் வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். ஆனால் கால் ரத்தக்குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கும். ரத்தம் காலில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, தலைசுற்றும். சிலர் மயங்கியே விழுவார்கள். ‘தண்ணி குடிச்சுட்டு வாங்க’ என்று சொல்லும்போதுகூட நடந்துகொண்டே குடிக்கச் சொல்லுங்கள். கடைசி 5 முதல் 10 நிமிடம் நடை, பிறகு ஸ்ட்ரெச்சிங். தரையில் படுத்துச் செய்தவர்களை எழுப்பும்போது முதலில் உட்கார வைத்து, பிறகு நிற்க வையுங்கள்.

படி 7: வகுப்பு முடிந்ததும் வரும் கேள்விக்குத் தயாராக இருங்கள்

‘நேத்து வகுப்புக்கு வந்தது, இன்னைக்குக் கால் வலி, லாக்டிக் ஆசிட் இறங்கலையா?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். லாக்டேட் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். மறுநாள் வலிக்குக் காரணம் பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் அழற்சியும்தான். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். லேசாக நடக்கச் சொல்லலாம். வலி தாங்க முடியாமல், வீக்கத்தோடு, சிறுநீர் அடர் பழுப்பாக வந்தால் அது வேறு. தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

படி 8: நிறுத்த வேண்டிய நேரம் தெரிந்திருக்க வேண்டும்

முதல் முறை வருகிறவரிடம் வகுப்புக்கு முன்பே இதய நோய், நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுப் பிரச்சினை, எடுக்கும் மருந்து, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வகுப்பு நடுவே நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வேலைக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, குழறும் பேச்சு, வெளுத்து வியர்த்துப் போன முகம், இவற்றில் எதைக் கண்டாலும் பாட்டை நிறுத்துங்கள். அவரை உட்கார வைத்து உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள். யாரை அழைக்கச் சொல்கிறோம் என்பது முக்கியம்: ‘யாராவது கூப்பிடுங்க’ என்றால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், விரல் நீட்டி ஒருவரைச் சொல்லுங்கள். இன்னொருவரை ஏஈடி கருவியை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அவசரக் கருவி) எடுத்துவர அனுப்புங்கள். அது கட்டடத்தில் எங்கே மாட்டியிருக்கிறது என்பதை முதல் வகுப்புக்குப் போகும் முன்பே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.