பழைய காரில் சின்ன டீசல் எஞ்சின்: கியர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் காருக்கு டீசல் எஞ்சின் ஏற்றும்போது மவுன்டிங், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் யோசிக்கிறோம். கியர் விகிதம் மட்டும் கடைசிக்குப் போய்விடுகிறது. நம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ரோடு சமதரைதானே என்ற தைரியம் வேறு.

முதல் தவறு, பின் அச்சில் இருக்கிற கிரவுன்-பினியன் என்ற பல்சக்கர ஜோடியைக் கணக்குப் பார்க்காமல் அப்படியே விடுவது. டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் உருளுகிறது, கிரவுன் விகிதம் 4.5 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 4.5 சுற்று), டாப் கியர் நேரடி (எஞ்சின் சுற்று அப்படியே பினியனுக்குப் போகும்) என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 120 கி.மீ. வேகம் கொடுக்கும். சின்ன டீசலை 3,000 சுற்றில் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி) பிடித்துவிட்டால் 72-தான்.

உடனே 3.6 கிரவுன் தேடுவது அடுத்த தவறு. 3,000 சுற்றுக்கு 90 கி.மீ. என்று கணக்கு வரும். ஆனால் அந்த வேகத்துக்குத் தள்ள எஞ்சினில் சக்தி வேண்டுமே. பழைய பாணி கார் 60-இல் போக ஏறக்குறைய 6, 7 குதிரைத்திறன் போதும். 80-க்குப் பன்னிரண்டு பக்கம் தேவை. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். ஆக 10 குதிரைத்திறன் எஞ்சின் எழுபதைத் தாண்டுவதே சிரமம். 3.6 கிரவுனோடு எழுபதில் எஞ்சின் 2,300 சுற்றுதான் சுற்றும். அங்கே முழு சக்தி வராது. முன்பு போன வேகம்கூடக் கிடைக்காது. இதைப் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆடிக்காற்று எதிரே 20 கி.மீ. வேகத்தில் அடித்தால், ஐம்பதில் போகிற வண்டிக்கும் எழுபதில் போகிற காற்றுதான்.

சமதரை என்கிறோம், கொள்ளிடம், குடமுருட்டி, அரசலாறு என்று எத்தனை பாலம்! கிராமத்து ரோடு ஆற்றங்கரை மேல் ஏறுகிற இடத்தில், நாலு ஆளும் இரண்டு நெல் மூட்டையுமாக நின்று கிளம்பிப் பாருங்கள். கிரவுனை மாற்றினால் எல்லா கியரும் சேர்ந்து மாறும். முதல் கியரும் இழுவை இழக்கும். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வருவது அதனால்தான். 25, 30 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் என் யோசனை இது: 4.5 கிரவுனை விட்டுவிட்டு, ஐந்தாவது கியர் 0.8 உள்ள கியர்பாக்ஸ் தேடுங்கள். டாப்பில் அதே 3.6 கிடைக்கும், முதல் கியர் கெடாது.

ஒற்றை சிலிண்டர் என்றால் இன்னொன்று. சுற்றைக் குறைத்து டாப்பிலேயே இழுத்தால் டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடியாக கியர் பற்களில் இறங்கும். பிளைவீல் (எஞ்சின் சுற்றைச் சீராக்கும் சக்கரம்) கனமாக இருக்கட்டும், கியரை இறக்கி ஓட்டுங்கள்.

விகிதத்தைக் கடைக்காரர் வாய்வார்த்தையில் எடுக்கக் கூடாது. நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரிலும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இரண்டு சுற்றும் கிரவுனுக்கு ஒரு சுற்றுதான்; ஷாஃப்ட் நாலரை சுற்று சுற்றினால் விகிதம் 4.5. டயர் சுற்றளவையும் வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில் தரையில் உருட்டி அளந்துவிடுங்கள். டயர் அளவை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும், ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும்.

எஞ்சின் சுற்றும் திசையையும் வாங்கும் முன்பே பாருங்கள். எதிர்த்திசை என்றால் முன்னால் போகிற கியரெல்லாம் ரிவர்ஸாகிவிடும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். ஜோடி மாறினால் ஊளைச் சத்தம் தீராது.

எஞ்சின் மாற்றம் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்குள் வருகிறது. காசு கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். ஆர்.சி.யில் ஏறாத எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்பதிலும் சிக்கல் வரும்.