‘ஆரஞ்சு’ எங்கிருந்து வந்தது? சொல்லைத் தேடிப் போகும்போது சறுக்கும் இடங்கள்

கைப்பேசியில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வரும்: “ஐரோப்பியர் சொல்லும் ஆரஞ்சு, நம் நார்த்தங்காயிலிருந்து போனது.” அனுப்புகிறவரின் பூரிப்பு எனக்குப் புரிகிறது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நார்த்தங்காய்க்கும் ஆரஞ்சுக்கும் நடுவே பல நூற்றாண்டுப் பயணம் கிடக்கிறது. சொல் நாலைந்து மொழிகளில் கைமாறியிருக்கிறது. அந்த வழியைப் பார்க்காமல் தலையையும் வாலையும் மட்டும் முடிச்சுப் போட்டால், சரியான விடைகூடத் தவறான காரணத்தின் மேல் நிற்கும். அடுத்தவர் ஒரு கேள்வி கேட்டால் சரிந்துவிடும். இந்த ஒரு சொல்லை வைத்து எங்கெங்கே சறுக்குகிறோம் என்று பார்ப்போம்.

ஒலி ஒத்துப்போனதும் உறவு என்று முடிவு கட்டுவது

சமஸ்கிருதத்தில் நாரங்க. பாரசீகத்தில் நாரங்க். அரபியில் நாரஞ்ச். ஸ்பெயின் நாட்டில் எழுத்தில் இன்றைக்கும் முன்னால் ‘ந’ நிற்கிறது. அவர்கள் உச்சரிப்பில் அது ‘நரான்ஹா’. போர்ச்சுகலில் முதல் எழுத்து திரிந்து ‘லராஞ்ஜா’. ஹங்கேரியில் ‘நரஞ்ச்’.

இந்த வரிசையில் ஒரே ஒரு இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பாரசீகத்தில் ‘ங்க்’ என்று இருந்தது அரபியில் ‘ஞ்ச்’ ஆகிவிட்டது. செவ்வியல் அரபியில் ‘க’வின் மெல்லொலி கிடையாது; பாரசீகச் சொற்களை எடுக்கும்போது அந்த இடத்தில் அவர்கள் ‘ஜ’ போட்டுக்கொண்டார்கள். நாம் சந்தையில் ‘ஆரஞ்சு கிலோ எவ்வளவு?’ என்று கேட்கிறோமே, அந்த ‘ஞ்சு’ அரபு நாக்கு பதித்துவிட்டுப் போன தடம். நார்த்தங்காயிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு ஒரே தாவலில் சொல் போயிருந்தால் அந்த ‘ஞ்சு’ வர வழியே இல்லை. ஒலி ஒப்புமையைக் காட்டுவதைவிட, ஒலி எங்கே எப்படி மாறியது என்று காட்டுவதுதான் சான்று.

சரி, சமஸ்கிருதத்துக்கு அது எங்கிருந்து வந்தது? அகராதிகள் பலவும் திராவிட மூலத்தைத்தான் காட்டுகின்றன, ஆனால் ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு. நம் பக்கம் நிற்கும் சாட்சிகள் நல்ல சாட்சிகள். மலையாளத்தில் எலுமிச்சை வகைக்கெல்லாம் ‘நாரங்ங’ என்பது பொதுப்பெயர். அங்கே மாங்காய் ‘மாங்ங’, தேங்காய் ‘தேங்ங’. அதே அச்சில் வைத்தால் நாரங்ஙவின் வாலில் இருப்பது ‘காய்’ என்று படுகிறது. தெலுங்கில் நாரிஞ்ச இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் நரந்தமும் ஒன்று. புறநானூற்றில் கவரிமான் மேயும் நறும்புல்லுக்கு ‘நரந்தை’ என்று பெயர். மணத்தோடு தொடர்புடைய சொற்குடும்பம் நம்மிடம் பழையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ‘இருக்கலாம்’ என்று அறிஞர்கள் நிறுத்திய இடத்தில் ‘உறுதி’ என்று நாம் எழுதக் கூடாது. தமிழ் மேல் உள்ள மதிப்பினால்தான் இதைச் சொல்கிறேன். அளந்து சொன்ன கூற்றை யாரும் எளிதில் தள்ள முடியாது.

இன்னொன்று: இன்றைய தமிழ் ‘ஆரஞ்சு’ பழைய தமிழ்ச் சொல்லின் தொடர்ச்சி இல்லை. ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது. நம் வழியாகப் போயிருக்கக்கூடிய ஒரு சொல், உலகம் சுற்றி வேறு முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. நார்த்தங்காயோ ஊரைவிட்டு நகராமல், சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்து மொட்டைமாடி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

‘ந’ தொலைந்த இடத்தை ஆங்கிலத்தில் தேடுவது

நாரஞ்சில் இருந்த ‘ந’ ஆங்கில ஆரஞ்சில் ஏன் இல்லை? பரவலாகச் சொல்லப்படும் விடை: ஆங்கிலத்தில் ‘எ நாரஞ்ச்’ என்றிருந்ததை ‘ஆன் ஆரஞ்ச்’ என்று பிரித்துவிட்டார்கள். கேட்க அழகாக இருக்கிறது, இடம்தான் தவறு. 14ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில் இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோதே ‘ந’ இல்லாமல்தான் வந்தது.

‘ந’ தொலைந்தது இத்தாலியிலும் பிரான்சிலும். இத்தாலியில் ‘ஒரு’ என்பதற்கு ‘ஊனா’. ‘ஊனா நராஞ்சா’ என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ‘ந’வில் எது எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று காதுக்குப் பிடிபடாது. ஒன்று கரைந்து ‘அராஞ்சா’ மிஞ்சியது. வெனிஸ் பேச்சில் மட்டும் ‘நரான்ஸா’ என்று பழையபடி தங்கிவிட்டது. புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதில்லை. சொல்லும் சொல்லும் சேருமிடத்தில் எழுத்து போவதும் வருவதும் தினமும் பார்ப்பதுதான்.

ஆங்கிலத்தில் உண்மையாகவே இப்படி ‘ந’வை இழந்த சொற்கள் வேறு. சமையலறையில் கட்டும் ஏப்ரன், ‘நேப்ரன்’ என்று இருந்தது. கிரிக்கெட் அம்பயரின் பழைய வடிவமும் ‘ந’வில்தான் தொடங்கும்; பழைய பிரெஞ்சில் அதற்குப் பொருள் ‘இணை இல்லாதவர்’, அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். ஒரு விதி உண்மை என்பதால் எல்லாச் சொல்லிலும் அதைப் பொருத்திப் பார்ப்பதில்தான் சறுக்கல்.

பிரெஞ்சில் பொன்னுக்கு ‘ஓர்’ என்று பெயர். ‘பொன்னிறப் பழம் என்பதால் ஒரான்ஷ்’ என்ற விளக்கமும் உண்டு. பொன் இந்தச் சொல்லைப் பெற்றெடுக்கவில்லை, முதல் உயிரெழுத்தை மட்டும் ‘அ’விலிருந்து ‘ஒ’வுக்குத் தள்ளி உதவியிருக்கிறது. பழத்தின் நிறத்தைப் பார்த்த மக்கள் சொல்லையும் பொன்னின் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள்.

ஐரோப்பா முழுக்க ஒரே சொல் என்று நினைப்பது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போனது ஒரு பழம் இல்லை, இரண்டு. அரபியர் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் முதலில் கொண்டுபோனது கசப்பு ஆரஞ்சு. மணத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் உரியது. உரித்து வாயில் போடுகிற பழம் இல்லை. செவியா நகரத்துத் தெருவோர மரங்களில் இன்றும் காய்த்துத் தொங்குவது அதுதான், பிரிட்டனில் மார்மலேடு என்ற பழப்பாகுக்குப் போவதும் அதுதான். இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் நிலைகொண்டது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு. நல்ல சாதிகளைக் கொண்டுவந்து பரப்பியதில் போர்ச்சுகல் வணிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனவே 13ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றை மொழிபெயர்க்கும்போது ‘ஆரஞ்சு’ என்று வந்தால், நம் மனதில் வரும் சாறுள்ள கமலாவை அங்கே வைக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பழம் நம் நார்த்தங்காய்க்குத்தான் நெருக்கம்.

இரண்டாவது பழம் வந்ததும் பல மொழிகள் புதுப் பெயர் வைத்தன. கிழக்கே அது போர்ச்சுகல்காரர் பழம்: கிரேக்கத்தில் ‘போர்ட்டொகாலி’, பல்கேரியாவில் ‘போர்ட்டொகல்’, துருக்கியில் ‘போர்த்தகால்’. நாரஞ்சைக் கொடுத்த அரபியே இனிப்புப் பழத்தை ‘புர்துகால்’ என்கிறது. நாட்டுக்கும் பழத்துக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். கிரேக்கர் பழைய சொல்லையும் விடவில்லை, கசப்புப் பழத்துக்கு ‘நெராந்த்ஸி’ என்று வைத்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ், சிசிலிப் பேச்சிலும் போர்ச்சுகல் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. போர்ச்சுகல்காரர்கள் மட்டும் தங்கள் பெயரைத் தாங்களே பழத்துக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. பழைய ‘லராஞ்ஜா’வே அவர்களுக்குப் போதும்.

வடக்கே அது சீனப் பழம். டச்சு மொழியில் ‘சினாஸ்அப்பல்’, வட ஜெர்மனியில் ‘அப்ஃபெல்சீன’, ஸ்வீடனில் ‘அப்பெல்சீன்’, ரஷ்யாவிலும் அதையொட்டியே. பொருள்: சீன ஆப்பிள். ‘ஆரஞ்சைப் போய் ஆப்பிள் என்றார்களே, வித்தியாசம் தெரியாதா?’ என்று கேட்பது அடுத்த தவறு. அந்த மொழிகளில் ஆப்பிள் என்பது பழத்துக்கே பொதுப்பெயர் போலப் புழங்கியது. இத்தாலியர் தக்காளியைப் ‘பொன் ஆப்பிள்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் உருளைக்கிழங்கை ‘நிலத்து ஆப்பிள்’ என்கிறார்கள். புதிதாக வந்த செடிக்கெல்லாம் தெரிந்த பெயரின் முன் ‘சீமை’ சேர்த்துச் சீமைக்கருவேலம், சீமைக்கத்தரி என்று நாம் சொல்லவில்லையா, அது போலத்தான்.

செக் மொழியின் ‘பொமெரான்ச்’, போலந்தின் ‘பொமராஞ்சா’ ஆகியவற்றைப் பார்த்ததும் பால்டிக் கடலோரப் பொமரேனியாவை நினைத்துவிட வேண்டாம். அந்த நிலத்தின் பெயருக்கு ‘கடலோரம்’ என்று பொருள். பழத்தின் பெயரோ இத்தாலிய ‘பொமோ’வும் ‘அராஞ்சா’வும் சேர்ந்தது, மறுபடியும் ஓர் ஆப்பிள்.

ஆரஞ்சு அரச குடும்பத்துக்குப் பழத்தைக் காரணம் காட்டுவது

நெதர்லாந்து கால்பந்து அணியின் சட்டை ஆரஞ்சு. காரணம் அரச குடும்பத்தின் பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் தெற்கு பிரான்சில் உள்ள ஓர் ஊர். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் ‘அரவுசியோ’. கெல்ட் மக்களின் நீர்த் தெய்வம் ஒன்றோடு தொடர்புடைய பெயர் அது. கி.மு. 105இல் ரோமப் படை படுதோல்வி கண்ட இடம், இன்றும் ரோமானிய அரங்கு நிற்கும் இடம். அப்போது ஐரோப்பாவில் ஆரஞ்சுப் பழமே கிடையாது. அந்த ஊரின் பெயர் உள்ளூர் வாயில் தேய்ந்து தேய்ந்து, பழத்தின் பெயரும் வேறு வழியில் தேய்ந்து வந்து, இரண்டும் ஒரே ஒலியில் முட்டிக்கொண்டன. தற்செயல், அவ்வளவுதான்.

அந்த ஊரை ஆண்ட ரெனே 1544இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது, பட்டம் ஜெர்மனியின் நாசாவ் குடும்பத்து வில்லியத்துக்குப் போனது. வில்லியத்துக்கு அப்போது 11 வயது. பின்னாளில் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் அவரே. பெயர் ஒத்துப்போனதால் நிறமும் அந்தக் குடும்பத்தின் அடையாளமாகிவிட்டது. அதே குடும்பத்தில் வந்து இங்கிலாந்தின் அரசரான மூன்றாம் வில்லியம் வழியாக அந்த நிறம் அயர்லாந்துக்குப் போய் அங்கே புராட்டஸ்டன்ட்டுகளின் நிறமாகி, இன்று அயர்லாந்துக் கொடியில் மூன்றில் ஒரு பட்டையாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றைப் பார்த்து ‘கலங்கல் நீரின் நிறம்’ என்பார்கள். 1779இல் ராபர்ட் கார்டன் என்ற டச்சுப் படை அதிகாரி அரச குடும்பத்தை நினைத்து வைத்த பெயர் அது.

கேரட்டை ஆரஞ்சு நிறமாக்கியதே டச்சுக் கிளர்ச்சித் தலைவர் வில்லியத்தைப் போற்றத்தான் என்ற கதையையும் நம்ப வேண்டாம். அக்காலத்து ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

நிறம் முந்தியது என்று எண்ணுவது

பழம்தான் முந்தியது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிறத்தைக் குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் அந்த நிறம் பெரும்பாலும் சிவப்பில் அடங்கியது. ராபின் குருவியின் மார்பு நம் கண்ணுக்கு ஆரஞ்சு. அதன் ஆங்கிலப் பெயரோ ‘சிவப்பு மார்பு’. நிறச்சொல் வருவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

பல மொழிகளில் பழமும் நிறமும் இன்னும் தனித்தனி. டச்சுக்காரருக்குப் பழம் ‘சினாஸ்அப்பல்’, நிறம் ‘ஒரான்யே’. ஃபின்லாந்திலும் ரஷ்யாவிலும் இதே கதை: பழத்துக்குச் சீன ஆப்பிள், நிறத்துக்குப் பிரெஞ்சுச் சொல். ‘ஒரான்யே’ என்று வந்ததும் பழமென்று மொழிபெயர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும்.

பழைய ஆங்கிலத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒட்டி ‘மஞ்சள்சிவப்பு’ என்று ஒரு கூட்டுச்சொல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தப் பழம் ‘தோடம்பழம்’, நிறம் ‘செம்மஞ்சள்’. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வழியில் சொல் கட்டியிருக்கின்றன. இங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.