ஹெபடைடிஸ் சி தானா போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ரிப்போர்ட்ல ஆன்டி-எச்சிவி (கல்லீரலை தாக்கற ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி) பக்கத்துல "ரியாக்டிவ்"னு பார்த்ததும் பதறாதீங்க, வைரஸ் எப்பவோ உள்ள வந்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும், இப்ப இருக்கான்னு தெரிய, ரத்தத்துல வைரஸோட மரபுப்பொருளையே தேடற ஆர்என்ஏ டெஸ்ட் எடுக்கணும்.

வைரஸ் தொத்தின 100 பேர்ல சுமார் 30 பேருக்கு 6 மாசத்துக்குள்ள மருந்தே இல்லாம போயிடுது. இதுல ஜீனுக்கு பெரிய பங்கு இருக்கு. வைரஸை எதிர்க்க உதவற ஐஎல்28பி ஜீன் பக்கத்துல ஒரு இடத்துல அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் 'சி'ங்கற டிஎன்ஏ எழுத்து வந்திருந்தா தானா போற வாய்ப்பு கூடும்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. அயர்லாந்துல 1977-78ல ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்குப் அடுத்த குழந்தையோட பாதுகாப்புக்காகப் போட்ட ஆன்டி-டி ஊசில இந்த வைரஸ் கலந்துடுச்சு, பாவம் அவங்க, எல்லாருக்கும் ஒரே மூலத்துலேருந்து வந்த வைரஸ்தான், ஆனா எச்எல்ஏ-பி27ங்கற ஜீன் வகை இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு தானாவே போயிடுச்சு. வைரஸோட ஒரு துண்டை செல்லுக்கு வெளிய தூக்கிக் காட்டி கிருமி தொத்தின செல்லை அழிக்கற டி செல்லை (ஒரு வகை வெள்ளை அணு) கூப்பிடறதுதான் பி27 செய்யற வேலை.

அதுக்காக ஜீன் டெஸ்டுக்கு காசு போடாதீங்க. ஆர்என்ஏ பாசிட்டிவ்னா, தானா போகும்னு காத்திருக்காம டாக்டரை பாருங்க, 8-12 வாரம் மாத்திரைலயே 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது. நெகட்டிவ்னா சில மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துடுங்க. ஒரு தடவை போனாலும் மறுபடி தொத்தும், ஊசி, ரேஸர் எதையும் பகிர்ந்துக்காதீங்க.