ராணுவ நடவடிக்கை பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

"ராணுவ நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால், வரும் பதிலை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மாணவி 1999 கார்கிலை நினைத்து 'ஆம்' என்பார். பக்கத்து இருக்கைக்காரர், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையை நினைத்து 'இல்லை' என்பார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தக் குழப்பத்துக்கு இடம் அதிகம்.

ஆகவே சூழல்களைப் பிரித்துக் கேளுங்கள்: ஊடுருவலை முறியடிப்பது, எல்லை தாண்டித் தாக்குவது, ஐ.நா. அமைதிப்படைக்கு வீரர்களை அனுப்புவது, அண்டை நாட்டு உள்நாட்டுப் போரில் தலையிடுவது. ஒவ்வொன்றுக்கும் 'முழு ஆதரவு' முதல் 'முழு எதிர்ப்பு' வரை 5 படிகள் போதும். 'தெரியாது' என்பதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள். அதை 'நடுநிலை'யோடு சேர்த்தால், யோசித்து நடுவில் நிற்பவரும் யோசிக்காதவரும் ஒரே கணக்கில் விழுவார்கள்.

சொற்களில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெடுகின்றன. வியட்நாம் போன்ற நிலை மீண்டும் வந்தால் படை அனுப்பலாமா என்று 1970களில் அமெரிக்காவில் கேட்டார்கள். 'கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிப்பதைத் தடுக்க' என்ற தொடரைச் சேர்த்ததும் ஆதரவு சுமார் 15 சதவீதப் புள்ளிகள் ஏறியது. தமிழில் 'பதிலடி' என்ற சொல்லே பாதி நியாயத்தைச் சொல்லிவிடுகிறது, 'தாக்குதல்' அப்படியல்ல. சந்தேகம் இருந்தால் சொல்லை மட்டும் மாற்றி இரண்டு படிவங்கள் அச்சிட்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள். 'அனுப்பக்கூடாது என்பதை ஏற்கவில்லை' போன்ற இரட்டை எதிர்மறைகளை அறவே விடுங்கள். நாட்டுப்பற்றுக் கேள்விகள் கடைசியில் வரட்டும். முதலில் வைத்தால் பின்னால் வரும் பதில்களை அவை இழுத்துவிடும்.

நாடு போரிடலாம் என்பதும் நான் போகிறேன் என்பதும் வேறு வேறு. இரண்டையும் கேளுங்கள். சேரும் விருப்பத்தைக் கேட்கும்போது எதில் என்று குறிப்பிடுங்கள்: பட்டப்படிப்பு மாணவர் மனத்தில் அதிகாரி பணிக்கான சி.டி.எஸ். தேர்வு இருக்கலாம், 2022இல் வந்த அக்னிபத் திட்டமோ 4 ஆண்டுப் பணி, அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினருக்கே நிரந்தர இடம்.

2,000 பேர் படிக்கும் கல்லூரியில் 95 சதவீத நம்பகத்தன்மைக்கும் 5 சதவீதப் பிழை வரம்புக்கும் (100 முறை இப்படிக் கேட்டால் சுமார் 95 முறை முடிவு உண்மை நிலையிலிருந்து 5 புள்ளிக்குள் இருக்க) 322 பேர் வேண்டும். விடுபடுவோரைக் கணக்கில் கொண்டு 360 படிவங்கள் அச்சிடுங்கள். துறை, ஆண்டு, பாலினம் வாரியாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். என்.சி.சி. மாணவர்கள் ஆர்வத்தோடு முன்வருவார்கள். வருபவரையெல்லாம் சேர்த்தால் ஆதரவு வீங்கித் தெரியும். வீட்டில் படைவீரர் உண்டா என்ற கேள்வியும் தேவை, படைவீரர் குடும்பங்கள் அதிகமுள்ள வேலூர் மாவட்டம் போன்ற இடங்களில் கட்டாயம். இரண்டு படிவ முறையில் ஒரு படிவத்துக்கு 161 பேர்தான் இருப்பார்கள் என்பதால், இரண்டுக்கும் இடையே 11 புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டைப் பெரிதாக எழுதாதீர்கள்.

முதலில் 25 பேரிடம் ஒத்திகை பாருங்கள். எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறதோ அதைத் திருத்துங்கள். அந்த 25 பேரை இறுதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நிரப்பும்போது வகுப்பில் ஆசிரியர் இருக்கக் கூடாது. பெயர், பதிவு எண் கேட்காதீர்கள். படிவத்தை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். தன்னை அடையாளம் காண முடியும் என்று தெரிந்தால், போரை எதிர்ப்பவர் 'நடுநிலை'யில் ஒதுங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு படிவத்திலும் தேதி இருக்கட்டும். 2019 பிப்ரவரி 14இல் புல்வாமா தாக்குதல், 26இல் பாலகோட்டில் இந்திய விமானத் தாக்குதல். அந்த 12 நாட்களுக்கு முன்னும் பின்னும் வாங்கிய பதில்களை ஒரே சராசரியில் அடைக்க முடியாது. பாதியில் அப்படி ஏதேனும் நடந்தால் நிறுத்திவிட்டு, அதுவரை வந்ததைத் தனிக் கட்டாகக் கட்டி வையுங்கள்.